மூலையில் ஒரு டிக்

திண்டுக்கல்
20-1-2008

அன்புள்ள சுகன்யாவுக்கு,

ஜோதி கம்ப்யூட்டர் சென்டர் டெய்சி எழுதுகிறேன். மூன்று வருடம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளிடம் இப்படி அறிமுகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

உன் முகவரியைப் பூ மார்க்கெட்டில் உன் அக்கா முத்துப்பேச்சியிடம் வாங்கினேன். போன் நம்பரும் தருகிறேன் என்றார். நான்தான் வேண்டாமென்றேன். போனில் நீ பேசாமல் இருந்தால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க என்னால் முடியாது. கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் தபாலில் தொலைந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

சென்டரை மூடியபோது ஸ்தனிஸ்லாஸ் சார் ஜன்னலோரத்து 486 கம்ப்யூட்டரை என்னிடம் கொடுத்துவிட்டார். ஏழு வருடமாக என் வீட்டு முன்னறையில் இருக்கிறது. மாதம் ஒரு முறை அதை எழுப்பி, நீ எழுதிய ‘மல்லி’யை ஓடவிட்டு, தமிழில் நான்கு வரி தட்டிவிட்டு அணைப்பேன். அந்த நான்கு வரியை யாரும் படிப்பதில்லை. நான் சேமிப்பதும் இல்லை. பொங்கலன்று போட்டபோது ஹார்ட் டிஸ்கிலிருந்து ஒரு சத்தம். பூட்டிய அறைக்குள்ளிருந்து ஒருவர் கதவைத் தட்டுவதுபோல டக், டக் என்றது. கொஞ்சம் ஓய்ந்தது. மறுபடி டக். நான்காவது முறைதான் எழுந்தது.

மல்லி அந்த டிஸ்கில்தான் இருக்கிறது. உன் புரோகிராம், நான் கட்டம் போட்ட நோட்டில் புள்ளி புள்ளியாக வரைந்த எழுத்துகள், எல்லாம். புதிய கணினியில் அது ஓடுவதில்லை. கறுப்புத் திரை ஒன்று வந்து உடனே மூடிக்கொள்கிறது. டிஸ்க் நின்றுவிட்டால் அந்த எழுத்துகளை இனி யாரும் பார்க்க முடியாது.

ஒரு பத்திரிகையில் படித்தேன். ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு, கேமராவில் போடுகிற மெமரி கார்டை அந்த இடத்தில் பொருத்தி, கணினியை எழுப்புகிற டாஸை அதிலேயே ஏற்றிப் பழைய மெஷினை ஓட்டலாமாம். நடுவில் வைக்க வேண்டிய அடாப்டரைத் தம்பி சார்லஸ் பெங்களூரிலிருந்து அனுப்பியிருக்கிறான். ஆனால் திருப்புளி பிடித்தவள் எப்போதும் நீதான். நான் டார்ச் பிடித்தவள்.

எதைப் பற்றி எழுதாமல் இந்தக் கடிதத்தை முடிக்க நினைக்கிறேன் என்று உனக்குத் தெரியும். 97 டிசம்பரில், சென்னை இன்டர்வியூவுக்கு மல்லியை ஃப்ளாப்பியில் காப்பி எடுத்துக் கொடுத்தது நான். அது அங்கே திறக்கவில்லை. நீ திரும்பி வந்து சென்டர் முழுக்கக் கேட்கும்படி என்னைத் திட்டிவிட்டுப் போனாய். அதன் பிறகு வரவே இல்லை. உன் கல்யாணப் பத்திரிகை வந்தபோது நானும் வரவில்லை.

மெஷினுக்காக மட்டும் பதில் எழுதினால் போதும்.

டெய்சி


ஒட்டன்சத்திரம்
3-2-2008

டெய்சி,

கடிதம் கிடைத்தது. தபாலில் தொலையவில்லை.

எனக்கு எல்லாம் மறந்துவிட்டது. கம்ப்யூட்டரைத் தொட்டுப் பத்து வருடம் ஆகிறது. இங்கே தக்காளி மண்டி. லாரி வரும், போகும். மண்டியில் பில் போட ஒரு கம்ப்யூட்டர் உண்டு. அதன் ஃப்ளாப்பி வாயில் தூசி அடைத்துக் கிடக்கிறது. நான் அந்தப் பக்கமே போவதில்லை. உன் 486-ஐ இரும்புக்கடையில் போட்டுவிடு. அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய்?

சுகன்யா

பின்குறிப்பு: போடத்தான் போகிறாய் என்றாலும் அதற்கு முன் திறந்து பார்க்க ஆசைப்படுவாய். உன்னை எனக்குத் தெரியும். பின்பக்கம் ஓரத்தில் ஆறு திருகு இருக்கும். அதை மட்டும் கழற்று. நடுவில் உள்ள நாலையும் தொடாதே. அது கரன்ட் டப்பாவுடையது. ஒரு தரம் அதைக் கழற்றிவிட்டு, “உள்ள என்னமோ விழுந்துருச்சுடி” என்று நின்றாயே. உள்ளே கை விடும் முன் ஜன்னல் கம்பியைத் தொட்டுக்கொள், உடம்பில் இருக்கிற கரன்ட் இறங்கிவிடும். டிஸ்குக்குப் போகிற பட்டை ஒயரில் ஒரு ஓரம் சிவப்பாக இருக்கும். அந்தச் சிவப்பு எந்தப் பக்கம் இருந்தது என்று கழற்றும் முன்பே எழுதி வை. அடாப்டரில் அதே பக்கம்தான் வர வேண்டும். கீபோர்டு சொருகும் இடத்துக்கு உள்பக்கம் நீலமாக ஒரு பேட்டரி இருக்கும். பச்சை பூத்திருந்தால் கசிந்துவிட்டது என்று அர்த்தம். வெட்டி எடுக்கச் சொல். அது போனால் மெஷினுக்கு ஞாபகம் இருக்காது. ஒவ்வொரு தரமும் செட்டப்புக்குள் போய், டிஸ்க் எவ்வளவு பெரிது என்கிற மூன்று எண்ணையும் நீயே தட்ட வேண்டும். கார்டுக்கும் அதே மாதிரி மூன்று எண் உண்டு. செட்டப்பில் ‘டிடெக்ட்’ என்று ஒன்று இருக்கும், அதுவே கண்டுபிடித்துச் சொல்லும். எழுதி வைத்துக்கொள்.

கார்டு முதலில் வெறும் கார்டு. மெஷினை எழுப்ப அதற்குத் தெரியாது. அதனால் ஒரு நல்ல ஃப்ளாப்பியில், ஹார்ட் டிஸ்க் இன்னும் எழுகிறபோதே, டாஸை ஏற்றி வை. ஃபார்மேட், ஏ, சாய்கோடு, எஸ் என்று தட்ட வேண்டும். அந்த ஃப்ளாப்பியால் எழுப்பித்தான் கார்டைத் தயார் செய்ய வேண்டும்.

இரும்புக்கடையே நல்லது.


திண்டுக்கல்
17-2-2008

அன்புள்ள சுகன்யா,

உன் கடிதம் ஒரு பத்தி. பின்குறிப்பு மூன்று பக்கம். எல்லாம் மறந்துவிட்டது என்று எழுதியவள், அந்த மூன்று பக்கத்தில் ஓரிடத்தில்கூட அடித்துத் திருத்தவில்லை.

ஆறு திருகு மட்டும்தான் கழற்றினேன். பேட்டரி பச்சை பூத்திருந்தது. ரேடியோ ரிப்பேர் அக்பர் அலி பாய் வீட்டுக்கே வந்து வெட்டிக் கொடுத்தார். “இன்னும் பத்து நாள் விட்டிருந்தா போர்டையே தின்னுருக்கும்மா” என்றார்.

நீ சொன்னதுபோல மெஷினுக்கு இப்போது எதுவும் நினைவிருப்பதில்லை. இங்கே கரன்ட் நினைத்தபோது போகிறது. வரும்போதெல்லாம் திரையில் 1980, ஜனவரி 1 என்று காட்டுகிறது. நான் திருத்துவதில்லை. அந்தத் தேதியில் உனக்கும் எனக்கும் மூன்று வயது. அறிமுகமே ஆகவில்லை. ஒருவர் மற்றவருக்கு எதுவும் செய்திருக்கவில்லை.

கார்டு கிடைத்துவிட்டது. ஞானராஜ் ஸ்டூடியோவில் புதிய கேமராவுக்கு மாறிவிட்டார்களாம். பழைய கார்டைக் கேட்டேன்.

“கேமரா வாங்கிட்டியாம்மா?”

“இல்லண்ணே, கம்ப்யூட்டருக்கு.”

“இது படம் புடிக்கிறதுல்ல? என்னமோ போ. இதுக்குள்ள ஒரு கல்யாணம் கெடக்கு. அவுக ஆல்பம் வாங்கிட்டாக. நீ அழிச்சுக்க. ஒங் கல்யாணத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடு, நாந்தேன் வருவேன்.”

முப்பத்தொரு வயதில் இந்தப் பேச்சுக்கெல்லாம் சிரித்துவிட்டு வரப் பழகிவிட்டேன். பள்ளி நூலகத்தில் வேலை. மாலையில் வீடு. அம்மாவைச் சார்லஸ் பெங்களூருக்கு அழைத்துப்போய் இரண்டு வருடமாகிறது. படிக்க நிறைய நேரம் கிடைக்கிறது. படித்ததைச் சொல்லத்தான் ஆளில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நீ கேட்டாயே, அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய் என்று. அதற்குப் பதிலாகச் சொல்கிறேன்.

கார்டின் மூன்று எண்கள்: 980, 16, 32. மனப்பாடமாகிவிட்டது.

இப்போது ஃப்ளாப்பியில்தான் நிற்கிறது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் கேட்டதற்கு, “மியூசியத்துல கேளுங்கக்கா” என்றான். வேறொரு கடையில் பத்து கொண்ட டப்பா கிடைத்தது. பத்தும் கெட்டவை. ஒவ்வொன்றையும் போட்டவுடன் முதல் தடமே சரியில்லை என்று மெஷின் துப்பிவிடுகிறது. நம் பழைய ஃப்ளாப்பிகளில் பூசணம். டிஸ்க் நேற்று ஆறாவது முறைதான் எழுந்தது.

என்ன செய்யட்டும்?

டெய்சி


ஒட்டன்சத்திரம்
1-3-2008

டெய்சி,

உன் கடிதத்தை யாரும் பிரிக்கவில்லை. இந்த வீட்டில் கடிதம் என்றால் பேங்கிலிருந்து வருவது. யாரும் தொடமாட்டார்கள். மேசையில் நாலு நாள் கிடந்து என் கைக்கு வந்தது.

அடாப்டரில் சின்னதாக ஒரு கருப்புக் குல்லா இருக்கும், இரண்டு ஊசியை இணைக்கிற மாதிரி. அது ‘மாஸ்டர்’ பக்கம் இருக்க வேண்டும். இத்துடன் படம் வைத்திருக்கிறேன். மண்டித் துண்டுச்சீட்டின் பின்பக்கம் வரைந்தது. வரைந்துகொண்டிருக்கும்போது எங்கள் வீட்டுக்காரர் வந்துவிட்டார். நீ பார்த்ததில்லை. பெயர் முத்துச்சாமி. சத்தம் போடாத மனிதர்.

“என்ன வரையற? ஊடு கட்டப் போறயா?”

“ஆமாங்க. அடுப்படிக்கு ரெண்டு ஜன்னல் வெக்கலாமுங்களா?”

செத்த நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “வாசப்படி எங்க காணோம்?” என்று கேட்டுவிட்டுப் போனார். பத்து வருடத்தில் நான் அவரைச் சிரிக்க வைக்கப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவர் சிரிக்கவில்லை. வாசற்படியைப் பற்றி நிஜமாகவே யோசித்தார்.

ஒரு ஃப்ளாப்பி அனுப்பியிருக்கிறேன். பீரோவில் துணிக்கு அடியில் கிடந்தது. கெட்டிருக்காது என்று நினைக்கிறேன். உள்ளே ஒன்றும் பார்க்க வேண்டாம். போட்டவுடன் ஃபார்மேட் அடித்துக்கொள்.

சுகன்யா


திண்டுக்கல்
12-3-2008

சுகன்யா,

நான் ஃபார்மேட் அடிக்கவில்லை.

உறையைப் பிரித்ததும் தெரிந்துவிட்டது. லேபிளில் இருப்பது என் கையெழுத்து. ‘மல்லி, 8-12-97.’ வலது மூலையில் பச்சை மையில் ஒரு டிக்.

ஸ்தனிஸ்லாஸ் சாரின் சட்டம் உனக்கு மறந்திருக்காது. “எடுத்தவுக ஒருத்தர், பாத்தவுக ஒருத்தர்.” ஒருவர் காப்பி எடுத்தால், இன்னொருவர் அதை வேறு மெஷினில் போட்டுத் திறந்து பார்த்த பிறகுதான் மூலையில் டிக் போட வேண்டும். எடுத்த கை டிக் போடக் கூடாது. பத்துப் பைசாத் தாளில் அடிக்கிற விண்ணப்பத்துக்குக்கூட அந்த மனிதர் இந்தச் சட்டத்தை விட்டதில்லை.

அன்று சாயங்காலம் நீ ஊருக்குப் போகத் துணி எடுத்து வைக்கப் போயிருந்தாய். சென்டரில் நான் மட்டும்தான். காப்பி ஓடும்போது டிரைவிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. ஃப்ளாப்பி கெடும்போது வருகிற சத்தம். உனக்காகக் காத்திருந்திருக்க வேண்டும். அல்லது நானாவது அடுத்த மெஷினில் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். கூப்பிடு தூரத்தில் ஐந்து மெஷின்கள் சும்மா நின்றன. நான் பச்சைப் பேனாவை எடுத்து நானே டிக் போட்டேன்.

கெட்டிருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை. ஆனால் கெட்டிருந்தால் நீ திரும்பி வந்துவிடுவாய் என்று அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டேதான் பேனாவைத் திறந்தேன். அந்த ஃப்ளாப்பியை எவர்சில்வர் டிபன் டப்பாவில் வைத்து, வெயில் படாமல் கொண்டுபோ என்று உன்னிடம் வேறு சொன்னேன்.

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாம் என்று இரண்டு முறை வரிசையில் நின்றேன். சாமியாரிடம் என்னவென்று சொல்வது? “ஒரு ஃப்ளாப்பியைப் பார்க்காமல் டிக் போட்டுவிட்டேன் சாமி” என்றா? அவர் சிரித்து, மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லியிருப்பார். என் தப்புக்கு அது போதாது. பூசையின் தொடக்கத்தில், செய்ததற்கு மட்டுமல்லாமல் செய்யாமல் விட்டதற்கும் மன்னிப்புக் கேட்போம். அந்த இடம் வரும்போது என் குரல் இறங்கிவிடும். பக்கத்தில் நிற்பவர்கள் நான் பக்தியில் உருகுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

நீ என்னை எல்லோர் முன்பும் திட்டியபோது நான் ஏன் வாயே திறக்கவில்லை என்று அன்று நீ யோசித்திருப்பாய். இதனால்தான்.

இனி நான் எழுதப்போவதுதான் எனக்கே புரியவில்லை. ஃப்ளாப்பியை 486-இல் போட்டேன். திறந்தது. நம்பாமல் பள்ளி அலுவலகக் கணினியிலும் போட்டேன். அங்கேயும் திறந்தது. மல்லியின் எல்லாக் கோப்புகளும் 97 டிசம்பர் தேதியோடு அப்படியே இருக்கின்றன. அலுவலகத்தில் ஒரு காப்பி எடுத்து வைத்துவிட்டேன். ஆக எழுத்துகள் பத்திரம். ஆனால் பத்து வருடம் துணிக்கு அடியில் கிடந்தபின் இன்று திறக்கிற ஃப்ளாப்பி, எடுத்த மறுநாள் சென்னையில் மட்டும் ஏன் திறக்கவில்லை?

நீ சொல்லும்வரை இதை அழிக்க மாட்டேன். இதை அழித்தால் கார்டு எழுந்துவிடும். இருந்தாலும் மாட்டேன்.

டெய்சி


திண்டுக்கல்
27-4-2008

சுகன்யா,

ஈஸ்டர் போய்விட்டது. உன் பதில் இல்லை. தபாலில் தொலைந்தது என்று நினைக்கப் பார்த்தேன், முடியவில்லை.

டிஸ்க் நேற்று பதினோராவது முறைதான் எழுந்தது. இன்று காலை எழவே இல்லை. அது தட்டுவதை நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த வீட்டில் நான் கேட்கிற வேறு சத்தம் என்று பார்த்தால் பால்காரர் மணிதான்.

என்னை மன்னித்துவிட்டதாக எழுத வேண்டாம். நடந்ததை மட்டும் எழுது. அது என் மேல் வந்தால் வரட்டும்.

டெய்சி


ஒட்டன்சத்திரம்
18-5-2008

டெய்சி,

உன் கடிதங்கள் இரண்டும் வந்தன. எழுத உட்காருவேன், லாரி வந்துவிடும். லாரி வராத நாளிலும் லாரி வந்ததாக எனக்கே சொல்லிக்கொண்டேன். இப்படிச் சொல்லிக்கொள்வதில் எனக்குப் பழக்கம் அதிகம். அதைத்தான் எழுதப்போகிறேன்.

அந்த ஃப்ளாப்பியை நான் எந்த மெஷினிலும் போட்டதே இல்லை.

சென்னைக்கு நான் போகவில்லை.

வீட்டில் யாருக்கும் தெரியாமல் கிளம்பினேன் என்று உனக்குத் தெரியும். உங்கள் வீட்டுக் கோயில் திருவிழா என்று பொய் சொல்லியிருந்தேன். திண்டுக்கல் ஸ்டேஷனில் ஏற முடியாது. அங்கே சோலைமுத்து மாமா பூக்கூடை ஏற்றுகிறவர். அதனால் பஸ் பிடித்துக் கொடைரோடு போய், அங்கே காலை ரயிலில் ஏறினேன். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. மடியில் உன் டிபன் டப்பா. பக்கத்தில் ஒரு அம்மா, “சோறா?” என்று கேட்டார். “இல்லம்மா, எழுத்து” என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்த இருபது நிமிஷம் நான் இருந்த சந்தோஷத்தை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வண்டி திண்டுக்கல்லில் நின்றது. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். மாமா பிளாட்பாரத்தில் யாரையோ, “ஏலே, நனஞ்ச சாக்கு எங்கடா?” என்று வைதுகொண்டிருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவர் என் கையைப் பிடித்து இறக்கினார் என்று ஆகியிருக்கும். எனக்கு அது போதும். அவர் பாட்டுக்குப் போய்விட்டார். யாரும் என்னைத் தடுக்கவில்லை. வண்டி ஊதியது. நானாக எழுந்து, நானாக இறங்கிவிட்டேன்.

எதற்கு இறங்கினாய் என்று கேட்காதே. பத்து வருடமாக நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர்கள் இங்கிலீஷில் கேட்பார்கள் என்று பயம். மல்லியைப் பார்த்துவிட்டு, “இவ்வளவுதானா?” என்பார்கள் என்று பயம். வேலை கிடைத்துவிடும் என்றும் பயம். மூன்றும் இருந்தது.

சேவுகம்பட்டியில் அக்கா வீட்டில் இரண்டு நாள் கிடந்தேன். முத்துப்பேச்சி அக்கா, “என்னடி மூஞ்சி இம்புட்டு வாடிக் கெடக்கு, சாப்டியா?” என்றதோடு சரி. மூன்றாம் நாள் சென்டருக்கு வந்தேன். சார் வாசலிலேயே, “என்னம்மா ஆச்சு?” என்றார். டைப்பிங் பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நீயும் எழுந்து நின்றாய். என் வாயில் வந்தது, “ஃப்ளாப்பி ஓடல சார். இவ ஒழுங்கா காப்பி எடுக்கல” என்பதுதான். அது வரைக்கும் அப்படி ஒரு பொய் சொல்வேன் என்று எனக்கே தெரியாது.

நீ அப்போது, “நான் பாத்துத்தான்டி குடுத்தேன்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அங்கேயே உடைந்து அழுதிருப்பேன். அதற்காகவே உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய். எனக்குப் பொறுக்கவில்லை. அம்புட்டுச் சத்தமாகத் திட்டியது நீ தலை நிமிர வேண்டும் என்றுதான்.

நீ கல்யாணத்துக்கு வராதபோது, பொய் பேசியவள் முகத்தில் முழிக்க உனக்குப் பிடிக்கவில்லை, எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

சென்னை விஷயம் பின்னால் வீட்டில் தெரிந்துபோனது. வேலை கிடைக்காததற்கு நீ காரணம் என்று வீட்டில் ஒருவர் விடாமல் சொல்லியிருக்கிறேன். எங்கள் வீட்டுக்காரரிடமும். பாவம், உன்னை ஒரு தரம் பார்த்தால் நாலு வார்த்தை கேட்பேன் என்பார். இனி போய் மாற்றிச் சொல்ல எனக்குத் துணிச்சல் வருமா, தெரியவில்லை. இங்கே வா என்று எழுதக் கை வரவில்லை. வராதே என்றும் எழுதவில்லை.

நான்தான் அதை அழிக்கச் சொல்லி அனுப்பினேன். ஆனால் லேபிளைக் கிழிக்கவில்லை, பார்த்தாய் அல்லவா? நீ உள்ளே பார்ப்பாய் என்று தெரியும். அதையும் நானாகச் சொல்லாமல் உன்னைக் கொண்டு செய்துகொண்டேன். இப்போது நிஜமாகவே சொல்கிறேன். ஃபார்மேட் அடி.

கார்டைத் தயார் செய்தபின் ஃப்ளாப்பியை எடுத்துவிட்டு எழுப்பினால், திரையில் ஒன்றும் வராமல் ஒரு சின்னக் கோடு மட்டும் மின்னிக்கொண்டு நிற்கலாம். வேறு இடத்தில் ஓடிய டிஸ்க் வந்தால் அப்படித்தான் ஆகும். எழுத்து எல்லாம் உள்ளேதான் இருக்கும். எங்கிருந்து தொடங்குவது என்றுதான் அதற்குத் தெரியாது. பயந்து அணைத்துவிடாதே. மறுபடி ஃப்ளாப்பியால் எழுப்பி, எஃப்டிஸ்க், ஒரு இடம் விட்டு, சாய்கோடு, எம்பிஆர் என்று தட்டு. ஒரு வரியும் பேசாது. வேலை முடிந்திருக்கும்.

சுகன்யா


திண்டுக்கல்
8-6-2008

அன்புள்ள சுகன்யா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு வாரம் மெஷின் பக்கம் போகவில்லை.

நீ என்னைக் காப்பாற்றியதாக நினைத்து எழுதியிருந்தால், முழுக்கக் காப்பாற்றவில்லை. ஃப்ளாப்பி நன்றாகத்தான் இருந்தது. நான் டிக் போட்டது அப்படியேதான் இருக்கிறது. நீ இறங்கியது உன்னுடையது, இது என்னுடையது. முன்பு இரண்டையும் நானே தூக்கிக்கொண்டிருந்தேன். இப்போது என்னுடையது மட்டும் இருக்கிறது. அது இவ்வளவு சிறியதா என்று கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று சனிக்கிழமை. டிஸ்க் முதல் முறையிலேயே எழுந்தது. இந்த வருடத்தில் அப்படி எழுவது இதுதான் முதல் தடவை. உன் ஃப்ளாப்பியைப் போட்டு ஃபார்மேட் அடித்தேன். உள்ளே இருப்பதெல்லாம் அழியும், சரியா என்று மெஷின் கேட்டது. சரி என்றேன். அன்று கேட்ட அதே கரகரப்பு. கடைசியில், கெட்ட இடம் ஏதாவது இருந்தால் இத்தனை என்று ஒரு வரி வருமே, அந்த வரி வரவே இல்லை. ஒரு இடம்கூடக் கெடவில்லை. அந்தச் சத்தம் ஃப்ளாப்பியுடையது அல்ல, அந்த டிரைவின் குரலே அப்படித்தான். பத்து வருடம் அதைத் தப்பாகக் கேட்டிருக்கிறேன்.

மல்லியைக் கார்டுக்குக் கடத்தும் வரை டிஸ்க் தாக்குப்பிடித்தது. பிறகு அதைக் கழற்றிவிட்டேன். ஆறு திருகு, சிவப்பு ஓரம், கருப்புக் குல்லா, உன் வாசற்படி இல்லாத வீட்டின் படம், எல்லாம் பக்கத்தில் இருந்தன. 980, 16, 32 தட்டினேன். நீ சொன்ன கோடு மின்னியது. நீ சொல்லாமல் இருந்திருந்தால் அணைத்திருப்பேன். நீ சொன்னதைத் தட்டினேன். அது ஒரு வரியும் பேசவில்லை. ஃப்ளாப்பியை எடுத்துவிட்டு மறுபடி எழுப்பினேன்.

எழுந்துவிட்டது, சுகன்யா. தட்டல் இல்லை, சுழலும் இரைச்சல் இல்லை, எதுவும் இல்லை. ஓடுகிறதா என்று சந்தேகப்பட்டுப் பெட்டியின் மேல் கை வைத்துப் பார்த்தேன். மல்லி வந்தது. ‘ழ’வின் காலில் நான் ஒரு புள்ளி அதிகம் வைத்துவிட்டேன் என்று சண்டை போட்டாயே, அந்தப் புள்ளி அப்படியே இருக்கிறது. நான்கு வரி தட்டினேன். இந்த முறை சேமித்தேன். அரைமணியில் கரன்ட் போனது. வந்தபோது 1980, ஜனவரி 1. எண்களைத் தட்டினேன். நான்கு வரியும் இருந்தன.

அறை ரொம்ப அமைதியாகிவிட்டது. டிஸ்கைக் கழற்றியபோது இதை நான் யோசிக்கவில்லை.

கார்டு தானாக எழுகிறது. இனி ஃப்ளாப்பி தேவையில்லை. அதனால் அதிலேயே மல்லியைத் திரும்பவும் ஏற்றி, பழைய லேபிளின் மேல் புதியதை ஒட்டி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உங்கள் மண்டிக் கம்ப்யூட்டரின் ஃப்ளாப்பி வாயைத் துடைத்தால், உள்ளே கோப்புகள் இருப்பதை அங்கேயே பார்க்கலாம். எழுத்துகளைத் திரையில் பார்க்க வேண்டுமானால் இந்த மெஷினில்தான் முடியும். பக்கத்தில் இரண்டு நாற்காலி போட்டிருக்கிறேன். ஒன்றில் புத்தகங்கள் இருக்கின்றன. எடுத்துவிட ஒரு நிமிடம் ஆகும்.

அலுவலகக் கணினியில் இதைப் போட்டுப் பார்க்கக் கை பரபரத்தது. பார்க்கவில்லை. எடுத்தவள் நான். லேபிளின் வலது மூலை காலியாக இருக்கிறது. பச்சைப் பேனாவையும் உறைக்குள் வைத்திருக்கிறேன்.

டெய்சி